இரும்பு மண்ணும் பனிக்கட்டி ஹாக்கியும்

ஹாக்கி என்ற சொல்லைக் கேட்டதும் நம் சங்கத்து அன்பர்களின் மனக்கண்முன் வளைந்த மட்டையும், சின்னஞ்சிறு வெள்ளைப் பந்தும், வெயிலில் ஓடும் பதினொரு பேருமே தோன்றுவர். ரூர்கேலாவில் குடியிருந்துகொண்டு ஹாக்கியை அறியாதிருப்பது, திருவையாற்றில் குடியிருந்துகொண்டு சங்கீதம் அறியாதிருப்பது போன்றதாகும். ஆயினும் இந்த ஹாக்கிக்குக் குளிர்நாட்டில் ஓர் உடன்பிறப்பு உண்டு. அதில் புல் இல்லை, பந்தும் இல்லை. உறைந்து கண்ணாடிபோற் கிடக்கும் பனிக்கட்டித் தளத்தின்மீது, அடியில் எஃகு அலகு பொருத்திய காலணிகளை அணிந்துகொண்டு, ஒரு பக்கத்திற்கு ஆறு பேராக வழுக்கிச் சென்று ஆடுகின்றனர். பந்துக்குப் பதிலாக ரப்பர் வில்லை ஒன்று. அதன் குறுக்களவு 3 அங்குலம், கனம் 1 அங்குலம், எடை 170 கிராமுக்குள். எடை குறைவென்று எண்ணிவிடலாகாது. மட்டையால் ஓங்கி அடித்தால் அது மணிக்கு நூறு மைலை நெருங்கிப் பாய்கிறது. தளத்தின் நீளம் 200 அடி, அகலம் 85 அடி. இருபது இருபது நிமிடங்களாக மூன்று பகுதிகள். ஆட்டத்தைப்பற்றி இவ்வளவு தெரிந்தாற் போதும். நாம் சொல்ல வந்தது ஆட்டத்தைவிட ஓர் ஊரைப்பற்றியது.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடவெல்லையில், கனடாவைத் தொட்டுக்கொண்டிருப்பது மினசோட்டா மாநிலம். 1858இல் மாநிலத் தகுதி பெற்றது. 'பதினாயிரம் ஏரிகளின் நாடு' என்று அம்மக்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்கின்றனர். எண்ணிப் பார்த்தால் பதினோராயிரத்துக்கும் மேல் தேறுமாம். நம் ஊர்ப் புலவர்கள்தாம் உயர்வு நவிற்சியில் வல்லவர்கள் என்று நினைத்திருந்தோம். இங்கே உள்ளதைக் குறைத்துச் சொல்லும் மக்களைக் கண்டோம். கார்த்திகை பிறந்தால் இந்த ஏரிகள் ஒவ்வொன்றாக உறையத் தொடங்குகின்றன. பங்குனிவரை அவற்றின்மேல் மக்கள் நடக்கின்றனர். மோட்டார் வண்டிகளையும் ஓட்டுகின்றனர்.

நம் தமையனார் அம்மாநிலத்தின் மினியாபொலிஸ் நகரில் மருத்துவக் கருவிகள் செய்யும் தொழிற்சாலையொன்றிற் பணிபுரிகிறார். பல ஆண்டுகளாக அழைத்துக்கொண்டிருந்தார். துறையின் அனுமதிச் சான்றும், விசாவும், சேர்த்துவைத்த விடுப்பும் ஒருசேரக் கைகூடியது சென்ற குளிர்காலத்தில்தான். "கோடையில் வராமல் இந்தக் குளிரிலா வருவாய்?" என்று அண்ணியார் கேட்டார். வந்த இடத்தில் எதைப் பார்க்க விருப்பம் என்று தமையனார் வினவியபோது, "இரும்புத்தாது ஏற்றும் ரயிலைப் பார்க்கவேண்டும்" என்றோம். அவர் நகைத்தார். ஆனால் நாள்தோறும் பர்சுவான், கிரிபுரு சுரங்கங்களிலிருந்து வரும் தாது வாகன்களின் கணக்கை எழுதியே கைவிரல் தேய்ந்த ஒரு சரக்கு அலுவலக எழுத்தருக்கு வேறென்ன விருப்பம் இருக்க முடியும்? அந்த ரயிலைத் தேடிச் சென்ற இடத்தில்தான் ஹாக்கி நம்மை எதிர்கொண்டது.

மினியாபொலிஸிலிருந்து வடக்கே 150 மைல் சென்றால் சுப்பீரியர் ஏரிக்கரையில் டூலூத் துறைமுகம். பெயர்தான் ஏரி, கண்ணுக்கெட்டிய மட்டும் கரை தெரியாத கடல் அது. அங்குள்ள ரயில் காட்சிசாலையில் 227ஆம் எண் எஞ்சினைக் கண்டோம். 1941இலும் 1943இலுமாகப் பால்டுவின் தொழிற்சாலை செய்து கொடுத்த பதினெட்டு எஞ்சின்களுள் ஒன்று. நிலக்கரித் தொட்டியோடு சேர்த்து எடை ஏறத்தாழ 500 டன். அதன் பக்கத்தில் நின்றபோது நாம் ஓர் எறும்பானோம். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கா உருக்கிய எஃகுக்கான தாதுவின் பெரும்பகுதியை மெசாபி மலைத்தொடரிலிருந்து இறக்கிக் கொணர்ந்தவை இவையே. மலைத்தொடர் என்பதும் பெயரளவுக்குத்தான். மலை என்று சொல்லத்தக்க எதுவும் அங்கில்லை. மேடான காட்டுநிலம், அவ்வளவே.

இந்த மெசாபியில் 1890இல் மெரிட் சகோதரர்கள் தாதுவைக் கண்டறிந்தனர். மண்வெட்டியால் அள்ளக்கூடிய மென்மையான செம்மண் போன்ற தாது. துறைமுகத்துக்கு இருப்புப்பாதையும் அவர்களே போட்டனர். 1893இன் பணமுடையில் எல்லாவற்றையும் ராக்பெல்லரிடம் பறிகொடுத்தனர். கண்டவன் ஒருவன், உண்டவன் மற்றொருவன் என்பது உலகெங்கும் ஒரே கதை போலும். 1901இல் சுரங்கங்களுட் பெரும்பாலானவை யு. எஸ். ஸ்டீல் கம்பெனியின் கைக்குச் சென்றன.

சுரங்கம் இருந்தால் ஆள் வேண்டும். பின்லாந்து, ஸ்லோவேனியா, குரோஷியா, இத்தாலி, சுவீடன் என்று எத்தனையோ தேசங்களிலிருந்து மக்கள் மூட்டையோடு வந்திறங்கினர். ஒருவர் பேசுவது மற்றவர்க்கு விளங்காது. கூலி குறைவு, 1907இலும் 1916இலும் பெரிய வேலைநிறுத்தங்கள் நடந்தன, இரண்டும் தோற்றன. இப்படி எழுந்த ஊர்களுள் ஒன்று எவலெத். டூலூத்திலிருந்து மேலும் 60 மைல் வடக்கே உள்ளது. 1893இல் மனை பிரித்து ஊர் அமைத்தனர். சில ஆண்டுகளில் ஊரின் அடியிலேயே தாது இருப்பது தெரிந்தது. தாது நகராது, ஆதலால் ஊர் நகர்ந்தது! 1900ஐ ஒட்டி ஏறத்தாழ ஒரு மைல் தள்ளி ஊரைக் கொண்டுபோய் வைத்துவிட்டனர்.

இனி ஹாக்கி. பனிக்கட்டி ஹாக்கி இன்றைய உருவில் கனடாவின் மாண்ட்ரியால் நகரத்தில் பிறந்தது. 1875 மார்ச் 3ஆம் நாள் உள்ளரங்கில் நடந்த ஆட்டத்தை அதன் தொடக்கமாகக் கூறுவர். மினசோட்டாவில் அக்காலத்தில் 'பனிப் போலோ' என்றொரு ஆட்டம் பந்தை வைத்து ஆடப்பட்டு வந்தது. வடக்கே கனடாவின் வினிப்பெக் நகரத்தோடு ரயில் தொடர்பு இருந்தபடியால், 1890களில் அங்கிருந்து ரப்பர் வில்லையும் புதிய விதிகளும் வண்டியேறி வந்து சேர்ந்தன. போலோ மறைந்தது. தலைநகரான செயின்ட் பாலில் ஆட்டம் விரைவிற் செழித்தது. அவ்வூர்க் கழகத்திலிருந்து நால்வர் 1920இல் ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் ஆடி வெள்ளிப்பதக்கம் பெற்ற அணியில் இருந்தனர். அவருள் தலைசிறந்தவர் 'மூஸ்' கோஹீன். பாஸ்டன் நகரத் தொழில்முறை அணி அவரை அழைத்தபோது, உள்ளூர் மின்சாரக் கம்பெனியிலுள்ள வேலையை விட்டுவர மனமில்லையென்று மறுத்துவிட்டாராம். நிலையான உத்தியோகத்தின் அருமை அறிந்த ஆட்டக்காரர்! நம் காலனி அன்பர்கள் இவரைப் பெரிதும் மதிப்பார்கள் என்பதில் ஐயமில்லை.

ஆனால் தலைநகரின் ஆட்டம் வேறு, சுரங்க ஊரின் ஆட்டம் வேறு. எவலெத்தில் ஹாக்கி ஏன் அவ்வளவு வேரூன்றியது என்பதை அங்கே நின்று பார்த்தபோதுதான் ஒருவாறு உணர முடிந்தது. மார்கழியில் ஏரி உறைகிறது, கப்பல் நிற்கிறது. ஈரத்தாது வாகனுக்குள்ளேயே கல்லாக இறுகிவிடுகிறது. பருவத்தின் முன்னும் பின்னும் நீராவிக் குழாய்களைச் செருகி அதை இளக்கித்தான் கப்பலில் இறக்குவார்களாம். மழைக்காலத்தில் ஈரத்தாது வாகனை விட்டு இறங்க மறுப்பதை நாம் அறிவோம். அதற்கே நம் முற்றத்தில் எத்தனை கடிதப் போக்குவரத்து! ஆகவே திறந்தவெளிச் சுரங்கங்கள் குளிர்காலத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆண்களுக்கு வேலை இல்லை, பிள்ளைகளுக்கு ஏரி நிறையப் பனிக்கட்டி. செலவென்று பார்த்தால் ஒரு மட்டையும் ஒரு ஜோடிக் காலணியுந்தான். அவையும் அண்ணனுக்குப் பின் தம்பிக்கு வரும்.

இன்னொரு காரணமும் உண்டு. பூமிக்கு அடியிலுள்ள தாதுவின்மீது ஊராட்சி வரி விதிக்கலாம் என்று அம்மாநிலச் சட்டம் இடங்கொடுத்தது. கம்பெனி கூலியில் மிச்சம் பிடித்ததை ஊரார் வரியில் வாங்கிக்கொண்டனர். பக்கத்து ஊரான ஹிப்பிங்கில் 1920களின் தொடக்கத்தில் ஏறக்குறைய நாற்பது லட்சம் டாலர் செலவில் அரண்மனை போன்ற உயர்நிலைப் பள்ளியைக் கட்டினர். எவலெத் மக்கள் 1922இல் ஹாக்கிக்கென்றே ஓர் உள்ளரங்கை எழுப்பினர். 'ஹிப்போட்ரோம்' என்பது அதன் பெயர். மூவாயிரம் பேர் அமரலாம். அன்றைய ஊரின் மக்கள்தொகை ஏழாயிரத்துச் சொச்சம். ஊரில் இருவருக்கு ஒருவர் என்ற கணக்கில் ஆசனம் போட்ட ஊர் உலகில் வேறெங்கேனும் உண்டா என்பது நமக்குத் தெரியாது.

முதலில் அந்த அரங்கில் ஆடியவர்கள் கனடாவிலிருந்து கூலிக்கு வரவழைக்கப்பட்டவர்கள். 'சிங்' ஜான்சன் என்ற வினிப்பெக் இளைஞர் அவ்விதம் வந்து ஆடியே பின்னர் நியூயார்க் அணியிற் புகழ்பெற்றார். சுரங்கத் தொழிலாளியின் பிள்ளைகள் வேலிப்பலகைக்கு வெளியே நின்று அவர்கள் ஆட்டத்தைக் கண்கொட்டாமற் பார்த்தனர். பார்த்ததைத் தெருவில் தண்ணீர் ஊற்றி உறையவைத்த திட்டுகளில் ஆடிப் பழகினர். உயர்நிலைப் பள்ளியில் அவர்களுக்குப் பயிற்சியாளராக வாய்த்தவர் கிளிஃப் தாம்சன். 1958வரை அப்பள்ளி அணியை அவர் நடத்தினார். வென்றவை 534, தோற்றவை 26, சமன் 9. இந்தக் கணக்கை மறுபடியும் ஒருமுறை கூட்டிப் பார்த்துவிட்டே எழுதுகிறோம்! மாநிலப் பள்ளிகளுக்கிடையே போட்டி 1945இல் தொடங்கியது. முதற் கோப்பை எவலெத்துக்கே. பின்னர் 1948 முதல் 1951வரை நான்காண்டுகள் தொடர்ந்து வென்றனர். இடையில் 78 ஆட்டங்களில் அவர்களை வெல்வார் எவருமிலர்.

எவலெத்தின் சிறப்பு கோல் காப்பவர்கள். மைக் கராகாஸ், பிராங்க் பிரிம்செக், சாம் லொபிரெஸ்டி ஆகிய மூவரும் அச்சிற்றூர்ப் பிள்ளைகள். மூவரும் தேசிய ஹாக்கி லீகில், கனடாக்காரர் நிறைந்திருந்த காலத்தில், கோலுக்கு முன் நின்றனர். கராகாஸ் 1938இல் சிகாகோ அணிக்காக ஸ்டான்லி கோப்பைக்குரிய ஆட்டங்களில் நின்றபோது கால்விரல் முறிந்தது. எஃகுத் தகடு வைத்த காலணியோடு திரும்பிவந்து கோப்பையை வென்று தந்தார்.

பிரிம்செக் ஸ்லோவேனியக் குடும்பத்தவர். அவருடைய தமையன் பள்ளி அணியின் கோல் காவலர். தமையனுக்கு ஓடியாட விருப்பம். ஆகவே காலியான இடம் தம்பியின் தலையில் விழுந்தது. அண்ணன் வேண்டாமென்றதைத் தம்பி ஏற்பது எல்லா வீட்டிலும் நடப்பதுதானே! அந்தத் தம்பி 1938-39இல் பாஸ்டன் அணியில் தமது முதற் பருவத்திலேயே பத்து ஆட்டங்களில் ஒரு கோலும் விடாது காத்து, 'பூஜ்யம்' என்ற பட்டப்பெயரே பெற்றார். 1939, 1941 ஆகிய இரண்டு ஆண்டுகளில் கோப்பை அவர் அணிக்கு வந்தது. ஆட்டத்தை விட்டபின் அவர் என்ன செய்தார் தெரியுமா? இரும்பு மண்ணுக்கே திரும்பி ரயில் எஞ்சின் ஓட்டினார். இதைப் படித்தபோது நமக்கு உண்டான மகிழ்ச்சியை மற்றத் துறையினர் முழுதும் உணரமாட்டார்கள்.

லொபிரெஸ்டியின் கதை வேறு. 1941 மார்ச் 4ஆம் நாள் பாஸ்டனில் ஆட்டம். சிகாகோவின் கோலில் லொபிரெஸ்டி, எதிரே பாஸ்டனின் கோலில் பிரிம்செக். ஒரே ஊர், ஒரே அரங்கு, ஒரே பயிற்சி. பாஸ்டன்காரர் அன்று லொபிரெஸ்டியை நோக்கி 83 முறை அடித்தனர். 80ஐத் தடுத்தார், மூன்று புகுந்தன. சிகாகோ 2-3 என்று தோற்றது. தோற்றவன் படைத்த அந்தச் சாதனையை வழக்கமான நேர ஆட்டத்தில் இன்றுவரை எவரும் விஞ்சவில்லை. பின்னர்ப் போரில் கடற்படையிற் சேர்ந்தார். 1943இல் அவர் சென்ற கப்பல் அட்லாண்டிக்கில் நீர்மூழ்கியால் தகர்க்கப்பட்டது. 42 நாட்கள் சிறு படகிலே மிதந்து பிரேசில் கரையை அடைந்தார். அவர் மகனும் பிற்காலத்தில் மினசோட்டாவின் தொழில்முறை அணியிற் கோல் காத்தார்.

இம்மூவருக்கும் இணையாகச் சொல்லவேண்டியவர் ஜான் மரியூச்சி. இத்தாலியக் குடும்பம், எவலெத் பிறப்பு. சிகாகோ அணியில் முரட்டு ஆட்டக்காரர் என்று பெயரெடுத்து, 1952இல் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளரானார். அக்காலத்தில் அமெரிக்கக் கல்லூரிகள் பல, வயதில் மூத்த, நன்கு தேர்ந்த கனடாக்காரர்களைக் கூட்டிவந்து வெற்றி தேடின. மரியூச்சி மறுத்தார். இந்த மாநிலத்துப் பிள்ளைகளுக்கே இடம் என்று வாதாடினார். அவ்விதம் ஆடாத கல்லூரியோடு ஆடுவதையே நிறுத்தினார். 'பூமியின் புதல்வர்' வாதமாகத் தோன்றலாம். வெளியூரிலிருந்து பிழைக்க வந்த நமக்கு அவ்வாதம் கேட்டமாத்திரத்தில் வயிற்றைக் கலக்குவது இயல்பு. ஆனால் வாதித்தவர் யார்? நேற்று வந்திறங்கிய இத்தாலியக் குடும்பத்தின் பிள்ளை. அவர் காக்க முயன்றவர் யார்? பின்லாந்துக்காரன் மகனும் குரோஷியன் மகனும். வந்தேறிகளின் பிள்ளைகள் ஒரு தலைமுறைக்குள் 'இந்த மண்ணின் பிள்ளைகள்' ஆனதற்குப் பள்ளிக்கூடம் ஒரு காரணம். ஹாக்கி மற்றொரு காரணம். பள்ளியின் பொன்னிறச் சட்டையை மாட்டிக்கொண்டவனை யாரும் நீ எந்த நாட்டான் என்று கேட்டதில்லை.

இதற்கு ஒரு விலையும் உண்டு. ஹிப்போட்ரோமில் சிறுவர் பயிற்சியைப் பார்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரோடு பேச்சுக் கொடுத்தோம். ரயிலிலே வேலைபார்த்து ஓய்வு பெற்றவர் என்றதும் பேச்சு எளிதாக ஓடியது. அவர் பாட்டனார் ஸ்லோவேனியாவிலிருந்து வந்தவராம். "தங்களுக்கு அம்மொழி தெரியுமா?" என்று வினவினோம். உணவுப் பண்டங்களின் பெயர்கள் சில, வசைச்சொற்கள் சில, ஒரு கிறிஸ்துமஸ் பாட்டு. இவ்வளவே தம்மிடம் எஞ்சியிருப்பதாகக் கூறினார். வருத்தமாகச் சொல்லவில்லை, பழைய சட்டை சிறிதாய்ப் போனதைச் சொல்வதுபோலச் சொன்னார். நமக்குத்தான் நெஞ்சை ஏதோ செய்தது. நம் வீட்டுச் சிறுவன் மாலைதோறும் மைதானத்தில் சுந்தர்கட் பிள்ளைகளோடு ஹாக்கி ஆடுகிறான். பந்து வேண்டுமென்று கூவுவது சாத்ரி மொழியில்; கோல் போட்டால் ஆர்ப்பரிப்பதும் அதே மொழியில். அவன் அவர்களோடு அவ்வளவு ஒன்றியிருப்பதைக் காணும்போது மகிழ்ச்சியாகவே இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் தாயார் தமிழிற் கேட்பதற்கு அவன் இந்தியில் விடை சொல்லும்போதுதான் அந்த முதியவரின் முகம் நினைவுக்கு வருகிறது. நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு மைதானத்து ஆட்டநேரத்திலேயே வைக்கப்பட்டிருப்பதைச் செயற்குழுவினர் கருத்திற்கொள்ள வேண்டுகிறோம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று சிறுவனிடம் சொன்னால் அவன் எதைத் தேர்வான் என்பது எல்லோருக்கும் தெரியும்.

விட்ட இடத்துக்கு வருவோம். 1956 ஒலிம்பிக்கில் மரியூச்சி பயிற்றிய அணி வெள்ளிப்பதக்கம் பெற்றது. அதில் மயசிச், மாட்செஃப்ட்ஸ், இகோலா மூவரும் எவலெத்துக்காரர்கள். 1960இல் ஸ்குவா பள்ளத்தாக்கில் தங்கமே கிடைத்தது. அவ்வெற்றியில் இன்னொரு சிற்றூரின் பங்கு பெரிது. கனடா எல்லையிலுள்ள வாரோடு என்ற ஊரின் கிறிஸ்டியன் சகோதரர்கள் அவ்வணியில் ஆடினர். ரஷ்யாவை வென்ற கோலை அடித்தவர் அவருள் ஒருவரான பில். தச்சுத்தொழில் அறிந்த அச்சகோதரர்கள் 1964இல் ஹாக்கி மட்டை செய்யும் தொழிற்சாலையும் வைத்தனர்.

வாரோடுவைப்பற்றிக் கூறுங்கால் ஹென்றி பூஷாவை விட்டுவிடக் கூடாது. அம்மண்ணின் பழங்குடியான ஒஜிப்வே இனத்தவர். 1969இல் மாநிலப் பள்ளிப் போட்டியின் இறுதியாட்டத்தில் வாரோடு, மினியாபொலிஸை அடுத்த செல்வர் குடியிருப்பான ஈடைனாவை எதிர்த்தது. பூஷா அடிபட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார். வாரோடு கூடுதல் நேரத்தில் 4-5 என்று தோற்றது. ஈடைனாவின் பயிற்சியாளர் யாரென்றால், முன்சொன்ன எவலெத் இகோலாதான். அவர் அவ்வூருக்கு எட்டுக் கோப்பைகள் வாங்கித் தந்தார். சுரங்க ஊர் கற்ற வித்தை நகரத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டது. பூஷா தொழில்முறை ஆட்டக்காரரானார். 1975இல் எதிரணியினர் ஒருவர் மட்டையால் தாக்கியதில் கண் கெட்டு ஆட்டவாழ்வே முடிந்தது. தாக்கியவர்மேல் மினியாபொலிஸில் குற்றவழக்கு நடந்தது; ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. பூஷா 2023இல் காலமானார்.

1980ஐ அறியாத அமெரிக்கர் இலர். பிப்ரவரி 22ஆம் நாள் லேக் பிளாசிட் ஒலிம்பிக்கில், கல்லூரி இளைஞர்களைக் கொண்ட அமெரிக்க அணி, எவராலும் வெல்லமுடியாதென்றிருந்த சோவியத் அணியை 4-3 என்று வென்றது. இரண்டு நாள் கழித்துப் பின்லாந்தையும் வென்று தங்கம் பெற்றது. பயிற்சியாளர் ஹெர்ப் புரூக்ஸ் செயின்ட் பால் நகரத்தவர். 1960 அணியிலிருந்து கடைசி நேரத்தில் நீக்கப்பட்டு, அந்தத் தங்கத்தைத் தொலைக்காட்சியில் மட்டும் கண்டவர். இருபது ஆட்டக்காரருள் பன்னிருவர் மினசோட்டாக்காரர். வெற்றிகோலை அடித்த எருசியோனி மாசசூசெட்ஸ்காரர். ஆனால் அவருக்கு வில்லையைத் தள்ளிக்கொடுத்தவர் எவலெத்தின் மார்க் பாவலிச். பெயர் நாடெங்கும் பரவியது அடித்தவருக்கு. பாவலிச் கூச்ச சுபாவம் உள்ளவர். காடும் மீன்பிடித்தலும் போதுமென்று ஒதுங்கியவர். பிற்காலத்தில் மனநோய்க்கு ஆளாகி 2021இல் சிகிச்சை இல்லத்தில் இறந்தார். ஆட்டத்தில் தலையிற்பட்ட அடிகளே காரணம் என்பது குடும்பத்தாரின் துணிபு.

தலைக்கவசம் இல்லாமல் ஆடிய காலம் அது. மினசோட்டாவின் 'நார்த் ஸ்டார்ஸ்' தொழில்முறை அணி 1967இல் தோன்றியது; முதற் பருவத்திலேயே, 1968 ஜனவரியில், பில் மாஸ்டர்டன் என்ற ஆட்டக்காரர் பனிக்கட்டியில் தலை மோதி இரண்டு நாளில் உயிர்நீத்தார். அதன்பின்னும் புதிதாக வருவோர் கவசம் அணிந்தே ஆகவேண்டுமென்ற விதி லீகில் வர 1979 ஆயிற்று. அந்த அணி 1993இல், குளிரே அறியாத டல்லஸ் நகரத்துக்கு இடம்பெயர்ந்தது. 2000இல் 'வைல்டு' என்ற வேறோர் அணி செயின்ட் பாலில் ஆடத் தொடங்கியது.

எவலெத்துக்கு 1973இல் அமெரிக்க ஹாக்கிப் புகழ்மாளிகை வந்தது. நூறடிக்கு மேல் நீளமுள்ள ராட்சத மட்டையொன்றும் ஊர் நடுவே நிற்கிறது. ஆனால் ஊர் மெலிந்துவிட்டது. உயர்ந்த ரகத் தாது தீர்ந்து, இப்போது டாக்கொனைட் என்னும் கடும்பாறையைப் பொடித்து, இரும்பைப் பிரித்து, கோலிக்குண்டுபோல் உருட்டிச் சுட்டு அனுப்புகின்றனர். இயந்திரம் அதிகம், ஆள் குறைவு. 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் மூவாயிரத்து ஐந்நூறு. அதாவது, ஊர் முழுவதும் வந்தாலும் ஹிப்போட்ரோமுக்குச் சற்றே அதிகம். ஹாக்கியும் இன்று ஏழைக்கு எளிதன்று. கவசங்கள், உள்ளரங்கக் கட்டணம், பயணம் என்று ஒரு பிள்ளைக்கு ஆகும் செலவைத் தமையனார் சொன்னபோது நம் மாதச் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டோம். நம் சுந்தர்கட் சிற்றூர்களில் ஆட்டுக்கடாவைப் பரிசாக வைத்து ஆடும் பந்தயங்களில் மூங்கில் மட்டையோடு ஓடியவர்கள்தாமே இந்தியாவுக்கே ஆடினர் என்பது நினைவுக்கு வந்தது.

2020இல் எவலெத் பள்ளி, பக்கத்து ஊரான வர்ஜீனியாவின் பள்ளியோடு இணைக்கப்பட்டது. பல்லாண்டுப் பகைவர்களான இரண்டு அணிகளும் ஒன்றாகி, 'ராக் ரிட்ஜ்' என்ற புதுப்பெயர் பூண்டன. 534 வெற்றிகளைக் கண்ட பெயர் இனி எந்தச் சட்டையின் மார்பிலும் இராது. அந்த முதியவரிடம் இதைப்பற்றிக் கேட்டோம். தாய்மொழி போனதைச் சாதாரணமாகச் சொன்னவர், இதற்கு மட்டும் விடைசொல்லாமல் தளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எவலெத்துக்கும் வர்ஜீனியாவுக்கும் இடையே நெடுஞ்சாலை ஓர் உயர்ந்த பாலத்தின்மேல் ஏறிச் செல்கிறது. பழைய சாலை தாதுவின்மேல் கிடந்ததால், சுரங்கத்துக்கு வழிவிட்டு, 2017இல் இந்தப் பாலத்தைக் கட்டிச் சாலையை நகர்த்தினர். நகர்வது அந்த மண்ணின் வழக்கமே. கீழே பார்த்தால் அரைமைல் ஆழமோ என்று மயங்கும்படி பள்ளமும், அதில் உறைந்த பச்சை நீரும்.

பெண்குழந்தைகளின் பெற்றோர்க்கு ஒரு செய்தி. பெண்கள் ஹாக்கியைப் பள்ளி ஆட்டமாக 1994இல் முதன்முதல் ஏற்ற மாநிலம் மினசோட்டாவே. மறு ஆண்டே மாநிலப் போட்டியும் நடந்தது. இப்போது பெண்களுக்கென்று தொழில்முறை லீகும் உண்டு. 2024, 2025 இரண்டு ஆண்டுகளிலும் கோப்பை வென்றது மினசோட்டா அணி. நாம் ஹிப்போட்ரோமிற் கண்ட பயிற்சியில் மிக வேகமாக வழுக்கிச் சென்றவள் பின்னல் முதுகில் தொங்கிய ஒரு பத்து வயதுச் சிறுமி.

உறவினர் அங்கிருந்து அழைக்கும் அன்பர்கள், போவதானால் மார்ச் முதல் வாரத்திற் போகலாம். அப்போதுதான் செயின்ட் பாலில் பள்ளிகளின் மாநிலப் போட்டி நான்கு நாள் நடைபெறுகிறது. பல்லாயிரவர் கூடுவர், டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கச் சொல்லவேண்டும். கப்பல் பார்க்கவேண்டுவோர் மார்ச் 25க்குப் பின் டூலூத் செல்க. அன்றுதான் ஏரிகளுக்கிடையேயுள்ள மதகுகள் குளிர்கால ஓய்வு முடிந்து திறக்கப்படும். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அவசியம். தலைக்குக் குரங்குக் குல்லாய் கொண்டுபோனதற்காக நம்மை எவரும் நகைக்கவில்லை; அங்கே எல்லோரும் ஏறக்குறைய அதையே அணிந்திருந்தனர்.